தாகமில்லை என்றவள்

மையக் கூட்டம் வருகிறது என்றால்தான் மேலேரிப்பட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, உத்திரமேரூர் வட்டாரத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் ஏதாவது ஒரு பள்ளியில் கூடுவார்கள். ஒருவர் பிள்ளைகளை உட்காரவைத்து மாதிரிப் பாடம் நடத்துவார். மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து அதில் சொட்டை கண்டுபிடிப்பார்கள். அப்புறம் வடை, டீ, பஸ். இதனால் கல்வி எவ்வளவு வளர்ந்தது என்று யாரும் கேட்டதில்லை. வடை எப்படி இருந்தது என்று மட்டும் அடுத்த கூட்டம் வரைக்கும் பேசுவார்கள்.

இப்படிப்பட்ட பாடத்துக்கு யாரும் தானாக வந்து தலை கொடுக்க மாட்டார்கள். ஆனால் அந்தத் தடவை ஜெயமணி டீச்சர், "நானே நடத்துறேன் சார்" என்றாள். தலைமை ஆசிரியர் பாண்டுரங்கன் ஆச்சரியத்தில் மூக்குப்பொடி டப்பாவை மூட மறந்துவிட்டார். அந்தப் பள்ளியில் மொத்தமே அவர்கள் இரண்டு பேர்தான். கூட்டம் என்றாலே ஜெயமணிக்குத் தலைவலி வந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

"இன்னாம்மா திடீர்னு?"

"சும்மாதான் சார்."

சும்மா ஒன்றும் இல்லை. முந்தின நாள் அவர்தான் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார்: "கூரம் ஊராண்ட வேலை பாத்துக்கினு இருந்தாரே தானியேலு, எனக்கு முன்னால இங்க இருந்தவரு, அவர இந்த வட்டாரத்துக்கே மாத்திட்டாங்களாம். சனிக்கிழமை வராரு."

தானியேல் மேலேரிப்பட்டை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. போகும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. சித்திரை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று அவர் நாற்காலியில் பாண்டுரங்கன் உட்கார்ந்திருந்தார். மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று தபால்காரர் மூலம்தான் தெரிந்தது. நடுவில் அவருக்குக் கல்யாணமும் ஆனது. பெண் மதுராந்தகத்தில் நர்ஸ். அந்தச் செய்தியைக் கேட்ட அன்று ஜெயமணி, "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு, ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கைத் தப்பாகப் போட்டுக் காட்டினாள். பிள்ளைகள் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

இனி அவரிடம் அவளுக்கு என்ன வேண்டும்? ஒன்றும் வேண்டாம். அவள் பைத்தியக்காரி இல்லை. முப்பத்தைந்து வயது. காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பம். அப்பா இருந்தபோது வரன் வரவில்லை, வரன் வந்தபோது அப்பா இல்லை. வேலைக்காக மேலேரிப்பட்டில் தாய்மாமன் வேதாசலத்தின் வீட்டில் தங்கியிருந்தாள். ஒரே ஒரு விஷயம்தான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. தன்னைப் பற்றித் தானியேல் மனதில் ஏதோ நினைத்துக்கொண்டுதான் போயிருக்கிறார். கல்நெஞ்சுக்காரி, கர்வம் பிடித்தவள், இப்படி ஏதோ ஒன்று. அது தப்பு என்று அவருக்குத் தெரிய வேண்டும். தான் அவரை விரும்பியது தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் போதும், அப்புறம் அவர் மதுராந்தகத்தில் நூறு வயசு நன்றாக இருக்கட்டும்.

இதை நேரில் சொல்லும் தைரியம் அவளுக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. கதையாகச் சொல்லலாம் அல்லவா? கதை சொல்லிக் குணம் கேட்கிற பாடத்தை எடுத்தால், பிள்ளைகள் வாயாலேயே அது அவர் காதில் விழுந்துவிடும். அவர் ஆரம்பித்து வைத்த பாடம்தான் அது.

அவரோடு வேலை பார்த்த அந்த இரண்டு வருஷம் இப்போதும் அவள் கண்முன்னே நிற்கும். பள்ளிக்கூடம் என்பது நடுவில் சுவரில்லாத ஒரே கூடம். இந்தப் பக்கம் அவளுடைய நாலாவதும் ஐந்தாவதும், அந்தப் பக்கம் அவருடைய பொடிசுகள். அவர் கதை சொல்ல ஆரம்பித்தால் இவள் பிள்ளைகள் வகுத்தலைப் பாதியில் விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிவிடுவார்கள். அதட்ட வேண்டிய டீச்சரும் திரும்பித்தான் உட்கார்ந்திருப்பாள்.

கதை முடிந்ததும் அவர் கேட்பார், "இவன் எப்படிப்பட்டவன்?"

"நல்லவன் சார்."

"நல்லவன், கெட்டவன் ரெண்டும் என்கிட்ட செல்லாது. வேற வார்த்தை கொண்டா. பிசினாறியா? ரோஷக்காரனா? அழுத்தக்காரனா?"

வார்த்தை வந்ததும் அடுத்த கேள்வி வரும். அதை அவர் கேட்க மாட்டார், வகுப்பே சேர்ந்து கத்தும்: "இன்னா செஞ்சான்?" குணத்தைச் சொன்னவன் கதையிலிருந்து ஒரு செயலை எடுத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் உட்கார வேண்டியதுதான். "கதை சொல்றவங்களே நல்லவன்னு சொன்னாலும் நம்பாத. அவங்களுக்கு ஆயிரம் இருக்கும். ஆளு இன்னா செஞ்சான், அதப் பாரு" என்பார்.

அவர் போன பிறகு அந்தக் கத்தலை ஜெயமணி தன் வகுப்பில் வைத்துக்கொண்டாள். இப்போதிருந்த பிள்ளைகளுக்கு அது யார் ஆரம்பித்தது என்றே தெரியாது.

சனிக்கிழமை தானியேல் வந்தார். காதோரம் கொஞ்சம் நரைத்திருந்தது. "வணக்கம் டீச்சர்" என்றார். "வாங்க சார்" என்றாள். இதற்காகவா ராத்திரி முழுக்கப் புரண்டோம் என்று இருந்தது அவளுக்கு. அவர் கடைசி பெஞ்சில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். முன்வரிசையில் துணை ஆய்வாளர் அமர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாண்டுரங்கன் சரியாக மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்தார்.

ஜெயமணி கதையை ஆரம்பித்தாள். இதை அவள் குளிக்கும்போதும் கோலம் போடும்போதும் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்திருந்தாள்.

ஒரு சந்தையில் ஒரு பூக்காரம்மா இருந்தாள். பக்கத்திலேயே குடை ரிப்பேர் பார்க்கிற ஒருவர். மழை வந்தால் அவர் ஒரு குடையை விரித்து, பூக்கூடை நனையாமல் பிடிப்பார். அவருக்கு ஜுரம் வந்து படுத்தபோது, வந்த குடைகளையெல்லாம் பூக்காரம்மாவே வாங்கி வைத்து, யார் குடை எது என்று நினைவு வைத்துக்கொண்டு அவர் வந்ததும் எடுத்துக் கொடுத்தாள். இருவரும் வேலை விஷயம் தவிர ஒன்றும் பேசிக்கொண்டதில்லை. ஆனால் ஒருவர் வராத நாளில் மற்றவருக்குச் சந்தை சந்தையாக இருக்காது.

இந்த இடத்தில் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. சமாளித்துக்கொண்டாள்.

ஒரு பங்குனி மாதம். சந்தை முடிந்தது, பஸ் வரவில்லை. இரண்டு பேரும், கூட வந்த நாலைந்து பிள்ளைகளும் கொளுத்துகிற வெயிலில் நடந்தே ஊருக்கு வந்தார்கள். ஊர் எல்லையில் குடைக்காரருடைய வீடு. அவர் ஓடிப்போய் ஒரு பெரிய சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தார். பிள்ளைகள் குடித்தார்கள். அப்புறம் சொம்பைப் பூக்காரம்மாவிடம் நீட்டினார். அவள், "எனக்குத் தாகம் இல்லை" என்றாள். அவர் மிச்சத் தண்ணீரைப் பக்கத்திலிருந்த பூவரச மரத்தடியில் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. வேறு சந்தைக்குப் போய்விட்டார். பூக்காரம்மா அவருடைய இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. எத்தனையோ பேர் கேட்டும், அது அவருக்கான இடம் என்று காலியாகவே வைத்திருந்தாள்.

இதில் கடைசி வரி மட்டும்தான் முழுக் கற்பனை. நிஜத்தில் அந்த இடத்தில் பாண்டுரங்கன் வந்து உட்கார்ந்து, மத்தியானங்களில் குறட்டையும் விட ஆரம்பித்துவிட்டார்.

மற்றதெல்லாம் நடந்தது. சந்தை இல்லை, உத்திரமேரூரில் நடந்த வட்டார விளையாட்டுப் போட்டி. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நடந்தே திரும்பினார்கள். தானியேல் வாடகைக்கு இருந்தது காலனியில், முதல் வீடு. அதற்கு எதிரே, ரோட்டுக்கு இந்தப் பக்கம், பால் சொசைட்டித் திண்ணையில் வேதாசலம் மாமா நாலு பேரோடு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதையில் அவள் மாமாவை மட்டும் சேர்க்கவில்லை. நாலு வருஷமாகத் தனக்குத் தானே சொல்லி வந்த பதில் வேறு. தண்ணீர் கொஞ்சம், பிள்ளைகள் நிறைய, அதனால்தான் வேண்டாம் என்றேன். திரும்பத் திரும்பச் சொல்லி அதை அவளே நம்பியும் விட்டாள்.

"சரி. பூக்காரம்மா எப்படிப்பட்டவங்க?"

"நல்லவங்க டீச்சர்."

"இன்னா செஞ்சாங்க?" என்று வகுப்பு முழுக்கக் கத்தியது. பின்னால் இருந்த ஆசிரியர்கள் சிரித்தார்கள். அதுவரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த தானியேல் சட்டென்று நிமிர்ந்து வகுப்பைப் பார்த்தார். ஜெயமணி அதைப் பார்த்துவிட்டாள். தெரிந்துகொண்டார், அவர் ஆரம்பித்த கத்தலை இன்னும் விடாமல் வைத்திருக்கிறேன் என்று தெரிந்துகொண்டார்.

"அக்கறையானவங்க டீச்சர். அவருக்கு ஜொரம் வந்தப்போ குடையெல்லாம் பாத்து எடுத்து வச்சாங்க."

"பாசக்காரங்க. அவரு எடத்த யாருக்கும் குடுக்கவே இல்ல."

கரும்பலகையில் 'பாசம்' என்று எழுதினாள். எழுத்து கோணியது. இதோடு பாடத்தை முடித்திருந்தால் எல்லாம் நினைத்தபடியே நடந்திருக்கும். ஆனால் பால் சொசைட்டிக்காரர் மகன் எல்லப்பன் கையைத் தூக்கினான்.

"விட்டுக் குடுக்கறவங்க டீச்சர். தனக்கு வேணாம்னு தண்ணிய புள்ளைங்களுக்கு வுட்டுட்டாங்க."

அவள் இதைத்தான் எதிர்பார்த்தாள். அவள் சொல்லிக்கொடுக்காமலே பையன் சொல்லிவிட்டான். ஒரு வெளியாளே சொன்ன பிறகு அது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்? சந்தோஷமாகப் பலகை பக்கம் திரும்பினாள்.

"இல்ல டீச்சர்" என்றது ஒரு குரல்.

அம்முலு. காலனிப் பெண். நடவு நாட்களில் அம்மாவோடு வயலுக்குப் போய்விடுவாள், வந்த நாளில் கேள்வி கேட்டே உயிரை வாங்குவாள். இது நடவு நேரம், வர மாட்டாள் என்றுதான் ஜெயமணி நினைத்திருந்தாள்.

"என்ன இல்ல?"

"தண்ணி மிச்சம் இருந்துச்சே டீச்சர். பூவரச மரத்தாண்ட ஊத்திட்டாருன்னு நீங்கதான சொன்னீங்க. புள்ளைங்க எல்லாம் குடிச்சப்புறமும் இருந்துச்சு."

ஜெயமணி சுண்ணாம்புக்கட்டியைப் பிடித்தபடி நின்றாள். அவள் ஒத்திகை பார்த்த கதையில் அந்த வரி கிடையாது. சொல்லும்போது தானாக வந்துவிட்டது. நடந்தது அதுதான் என்பதால் வந்துவிட்டது.

"அப்போ தாகம் இல்ல போலக்கீது" என்றான் எல்லப்பன்.

"வெயில்ல அம்மாந்தூரம் நடந்திருக்காங்க. எல்லாரும் குடிச்சாங்க. அவங்களுக்கு மட்டும் எப்பிடிடா இல்லாம இருக்கும்? இருந்துச்சு. இல்லன்னு சொன்னாங்க."

"அப்போ பொய் சொல்றவங்க!" என்று யாரோ சொல்ல, பிள்ளைகள் சிரித்தார்கள். அம்முலு மட்டும் சிரிக்கவில்லை. அவள் கதைக்குள்ளேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், அந்தக் குடைக்காரரு வூடு எங்க கீது? காலனியிலயா?"

துணை ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். முதல்முறையாகப் பாண்டுரங்கன் முழுதாக விழித்துக்கொண்டார். கதையில் அது வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேள்வி செத்துவிடும், அது பாட விதிப்படி சரியும்கூட. ஜெயமணி கடைசி பெஞ்சைப் பார்த்தாள். தானியேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றாள்.

"அப்போ பயம் டீச்சர்." அம்முலு குரலில் கோபம் எதுவும் இல்லை, வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னாள். "ஊருக்காரங்க யாராவது பாத்துக்கினு இருந்திருப்பாங்க. எங்க அம்மா நடவுக்குப் போற எடத்துலயும் அப்பிடித்தான். நெலத்துக்காரம்மா யாரும் இல்லாங்காட்டி எங்க அம்மாவோட தூக்குலருந்து தண்ணி வாங்கிக் குடிக்கும். யாராவது வந்துட்டாங்கன்னா தாகம் இல்லன்னு சொல்லிடும். நல்ல அம்மாதான் டீச்சர். பயந்துக்கும், அவ்ளோதான்."

எந்தப் பிள்ளையும் "இன்னா செஞ்சாங்க" என்று கத்தவில்லை.

ஜெயமணி திரும்பி, 'பாசம்' என்பதற்குக் கீழே 'பயம்' என்று எழுதினாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. கண்ணில் தளும்பியதை சுண்ணாம்புத் தூள் பட்டதுபோல முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"நேரம் ஆச்சும்மா, போதும், போதும்" என்று ஆய்வாளர் எழுந்துவிட்டார். கருத்துரை நேரத்தில் அவர், பாடம் கலகலப்பாக இருந்தது, ஆனால் இந்த மாதிரி விஷயங்களெல்லாம் பிள்ளைகள் வாயில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். பாண்டுரங்கன் படங்கள் போதவில்லை என்றார். அவர் எந்தப் பாடத்துக்கும் அதைத்தான் சொல்வார். தானியேலைக் கேட்டார்கள். அவர் எழுந்து, "புள்ளைங்க சொன்னது சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வடை தின்று முடித்து எல்லோரும் கலைந்தார்கள். பாதிப் பேர் சைக்கிளில் போனார்கள், ஆய்வாளர் ஜீப்பில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டார். தானியேல் மட்டும் பஸ்ஸுக்காக ரோட்டோரம் போய் நின்றார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலனி, இந்தப் பக்கம் பால் சொசைட்டி. சாயங்காலப் பால் ஊற்றும் நேரம். திண்ணையில் வேதாசலம் மாமா இருந்தார், இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள்.

ஜெயமணி பள்ளிக்கூடத்தைப் பூட்டினாள். வீட்டுக்குப் போகிற சந்தில் திரும்பாமல் நேராக ரோட்டுக்கு நடந்தாள். அத்தனை பேர் கண்ணும் தன் முதுகில் பதிவது தெரிந்தது. நடந்துபோய் தானியேலுக்குப் பக்கத்தில் நின்றாள். இந்த நடையைத்தான் நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

முன்னுரை எதுவும் வரவில்லை.

"அன்னைக்கு எனக்குத் தாகம் இருந்தது சார்."

தானியேல் பஸ் வருகிற திக்கைப் பார்த்தார். அப்புறம் சொன்னார், "தெரியும் டீச்சர்."

"தெரியுமா?"

"உதடெல்லாம் வெடிச்சிருந்துச்சு. நாக்கால ஈரம் பண்ணிக்கினே வந்தீங்க. பாத்துக்கினுதான வந்தேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. தெரிந்திருக்கிறது. சொம்பை நீட்டிய அந்த நிமிஷமே தெரிந்திருக்கிறது. இதற்காகவா இத்தனை வருஷம் வெந்து செத்தோம் என்று ஒரு பெரிய ஆறுதல் நெஞ்சில் இறங்கியது. தூரத்தில், ஏரிக்கரைத் திருப்பத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"தெரிஞ்சும் ஏன் சார் போனீங்க? ஒரு வார்த்தை சொல்லாம?"

அவர் இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை, பழைய தானியேல் சார் முகம்தான், பிள்ளைகளுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிற முகம்.

"தெரிஞ்சதாலதான் டீச்சர். அவ்ளோ தாகத்துலயும் என் வூட்டுத் தண்ணி வேணாம்னீங்க. நெஜமாவே உங்களுக்குத் தாகம் இல்லாம இருந்திருந்தா, நான் இங்கியே இருந்திருப்பேன்."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கதவைத் தட்டி, "ஏறு, ஏறு" என்றார். தானியேல் ஏறிக்கொண்டார். உள்ளே உட்கார இடம் தேடிப் போனவர் எந்த ஜன்னலில் இருந்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை. பஸ் நகர்ந்து, புழுதி அடங்கி, ரோடு காலியான பிறகும் அவள் அங்கேயே நின்றாள்.

"யாரும்மா அது, இவ்ளோ நேரம் பேசிக்கினு இருந்தது?" என்று திண்ணையிலிருந்து மாமா குரல் கொடுத்தார்.

தானியேலுக்குத் தெரிந்தால் போதும், தெரிந்தால் போதும் என்று நாலு வருஷம் ஏங்கியவள் அவள். அவளுடைய தாகம் அவருக்குத் தெரியாமல் மட்டும் இருந்திருந்தால், இன்றைக்கும் கூடத்தின் அந்தப் பக்கம் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.